பிலோமினாக்கா ஜீப்பும் என் கிரைண்டரும்

பழைய ஜீப்பை ரெடி பண்றேன்னு சொல்றவன் வூட்டுக்குப் பொண்ணு குடுக்காதீங்க. அவன் வண்டிக்கு அடியில படுத்துக்கினு இருப்பான், அந்தப் பொண்ணு சோத்துத் தட்டோட வாசல்ல நின்னு கத்திக்கினு இருக்கும்.

இதைப் படிக்கிறவங்கள்ல எத்தனை பேரு என் கேஸுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இருக்கீங்க. ஷெட்டுல ஒரு வண்டியைப் பிரிச்சிப் போட்டுட்டு, "அடுத்த மாசம் முடிஞ்சிடும்"னு மூணு வருசமா சொல்லிக்கினு இருக்கற ஆளு தெருவுக்கு ஒருத்தன் கீறான். உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்க கிட்ட சொன்னா சிரிப்பாங்க, எனக்கு இப்ப சிரிக்கற நெலமை இல்ல.

எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில இருபத்திரெண்டு வருசம் ஃபிட்டரா இருந்தேன். லைனை மூடிட்டாங்க, வெளிய வந்துட்டேன். விம்கோ நகர்ல வூடு, வூட்டு ஓரமா சிமெண்ட் ஷீட் போட்ட ஷெட்டு. அதுல பழைய ஜீப்புங்களை மட்டும் எடுத்துச் செய்யறேன். பதினோரு ஜீப்பு நல்லபடியா ரோட்டுக்குப் போச்சு. இது பன்னெண்டாவது.

பேனட்டுக்குள்ள கோழி

ராயபுரத்துல சர்ச்சுக்குப் பின்னால ஒரு சந்து. கூப்ட்டது பிலோமினாக்கா. வயசு அறுபத்தொண்ணு, ரயில்வேல கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவங்க. வூட்டுக்காரரு ஹார்பர்ல கிளியரிங் வேலை பார்த்தவரு, போன வருசம் தவறிட்டாரு. அவரு ஏதோ ஏலத்துல எடுத்த பெட்ரோல் ஜீப்பு முருங்கை மரத்தடியில எட்டு வருசமா நிக்குது. பேனட்டைத் தூக்கினேன், ஒரு பெட்டைக் கோழி கோவமா எறங்கிப் போச்சு. கார்புரேட்டர் பக்கத்துல ரெண்டு முட்டை. சீட்டுல ஸ்பிரிங்கு மட்டும்தான் மிச்சம். கீழ குனிஞ்சு வண்டியோட அடிச்சட்டத்தை, அதான் சேஸிஸைத் தட்டினா துரு அப்பளம் அப்பளமா கையில விழுது.

"யாருக்குக்கா விக்கப் போறீங்க?"ன்னு கேட்டேன். விக்கறவங்கதான் எங்களை மாதிரி ஆளுங்களைக் கூப்புடுவாங்க. அந்தம்மா என்னை மொறைச்சாங்க. வூட்டுக்காரரு இருந்தவரைக்கும் இவங்களை அந்த ஸ்டியரிங்கைத் தொடவே வுட்டதில்லையாம். "உனக்கு கிளட்ச் எட்டாது"ன்னு ஒரே பேச்சு. இவங்க வீம்புக்கு டிரைவிங் ஸ்கூல் போயி லைசென்ஸ் எடுத்தாங்க. அவரு சாவியை பேண்ட் பாக்கெட்லயே வெச்சிக்கினு தூங்க ஆரம்பிச்சிட்டாரு. சர்க்கரை வந்து காலை எடுத்தாங்க, அப்பக்கூட சாவி வெளிய வரல.

இப்ப அக்காவுக்கு ஒரே ஆசைதான். ஞாயித்துக்கிழமை காலைல தானே வண்டியை ஓட்டிக்கினு காசிமேடு போவணும், மீன் வாங்கிக்கினு தானே ஓட்டிக்கினு திரும்பணும். அவ்ளோதான். பர்ஸைத் தொறந்து லைசென்ஸை எடுத்து என் கையில வெச்சாங்க.

"மூணு தபா ரினீவல் பண்ணிட்டேன் சேகரு. ஒரு தபா கூட இந்த வண்டிய எடுத்ததில்ல."

வடைச்சட்டி

ராயபுரத்துல இருந்து விம்கோ நகருக்கு ஜீப்பைத் தூக்கிக்கினு வர்றதுக்குள்ள பாதி நாள் போச்சு. எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்க வரிசையா தூங்குது, அதுங்க நடுவுல நம்ம ரெக்கவரி வண்டி. வூட்டுக்கு வந்து எறக்கினதும் மல்லிகாவோட ஸ்கூட்டி ஷெட்டை வுட்டு வெயிலுக்குப் போச்சு. மல்லிகா என் வூட்டுக்காரி. மாதவரத்துல ஒரு கம்பெனியில பில்லிங் பாக்கறா. வெயில்ல காய்ஞ்ச ஸ்கூட்டி சீட்டுல உக்காந்து போற கோவம் எனக்குப் புரியுது. ஆனா ஜீப்பை வெயில்ல நிறுத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அதோட நிறுத்தியிருந்தாலும் தப்பிச்சிருப்பேன். ஒரு பேரிங் ஷாஃப்ட்டுல ஏறவே மாட்டேன்னு அடம் புடிச்சுது. எண்ணெயில போட்டு சூடு பண்ணினா இரும்பு கொஞ்சம் விரியும், அந்தச் சூட்டோட தட்டினா உக்காந்துக்கும். எண்ணெய் எங்க இருக்கு? கிச்சன்ல. சட்டி? அதுவும் கிச்சன்ல. அன்னிக்கின்னு பாத்து மல்லிகா ஆபீஸ்ல அரை நாள் லீவு போட்டுட்டு வந்துட்டா. அடுப்பு கிட்ட நின்னு சட்டிக்குள்ள எட்டிப் பாத்தா. பக்கத்து வூட்டு ஜன்னலைப் பாத்துப் பேசினா.

"வடை சுடற சட்டியில பேரிங் சுடறான் பாருங்கக்கா, இவனை எந்த நேரத்துல கட்டிக்கினேனோ!"

வாரிசு வந்தாரு

பிலோமினாக்காவுக்கு ஒரே பையன், ஜெரால்டு. பையன்னா நாப்பது வயசு பையன். ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை. ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தாரு, வண்டியை நாலா பக்கமும் போட்டோ எடுத்தாரு. அவரு தோஸ்து ஒருத்தரு ஈ.சி.ஆர்.ல ஓட்டல் நடத்தறாராம். கேட்டுக்கு முன்னால ஒரு பழைய ஜீப்பு நின்னா வர்ற ஜனங்க செல்ஃபி எடுப்பாங்களாம். எனக்குப் பத்திக்கினு வந்துது. இன்ஜினைக் கழட்டி, வால்வு தேய்ச்சு, கியர்பாக்ஸைப் பிரிச்சு மாட்டி உயிரைக் குடுத்துக்கினு இருக்கேன், இவரு கேட்டுல பூந்தொட்டி பக்கத்துல நிறுத்தணும்ங்கறாரு.

ஆனா அம்மாவும் புள்ளையும் ஏற்கெனவே பேசி முடிச்சிட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆர்.சி. புக்கு இன்னும் செத்துப் போன வூட்டுக்காரரு பேர்லதான் இருக்கு, அதுவும் காலாவதி ஆயி வருசக் கணக்காச்சு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பாத்து, அக்கா பேருக்கு மாத்தி, புதுப்பிச்சுக் குடுத்தா வண்டி அக்காவோடது. குடுக்கலன்னா ஓட்டலுக்குப் போவும். அக்கா சரின்னு தலையாட்டிட்டாங்க. ஏன்னா என்னை நம்பினாங்க. ஜெரால்டு கெளம்பறப்ப என் தோள்ல கை போட்டாரு.

"அம்மாவுக்கு இது ஓட்டற வயசா அண்ணா? நீங்க பெயிண்ட் மட்டும் பளிச்சுனு அடிங்க, மீதி தானா நடக்கும்."

உப்புக் காத்து

எங்க பக்கம் இந்த வேலை செய்யறவனுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு, வேற ஏரியாக்காரனுக்கு அது தெரியாது. பதினோரு மணிக்கு மேல கடல் காத்து கெளம்பும். இரும்பைத் தேய்ச்சு வெள்ளையா வுட்டுட்டு டீ குடிக்கப் போனீங்கன்னா, திரும்பி வர்றதுக்குள்ள மஞ்ச பூத்து நிக்கும். அது மேல பெயிண்ட் அடிச்சா ஆறே மாசத்துல உள்ளாற இருந்து கொப்பளம் கெளம்பும். அதனால விடிஞ்சதும் இரும்பு தேய்க்கற கிரைண்டரைப் புடிக்கணும். தேய்ச்ச கையோட துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் அடிச்சு மூடிடணும். நடுவுல நிறுத்தறது, உத்துப் பாக்கறது, யோசிக்கறது ஒண்ணும் கெடையாது. தாம்பரத்துல ஒருத்தன் ஒரு வாரம் நிதானமா தேய்க்கற சேஸிஸை நான் ஒரே காலையில முடிப்பேன். அதுல எனக்கு அவ்ளோ திமிரு.

அன்னிக்கு எர்ணாவூர் காசிம் பாய் கூட இருந்தாரு. எனக்குப் பதினஞ்சு வருசப் பழக்கம், வெல்டிங், டிங்கரிங் எல்லாம் அவருதான். அவரு பின்பக்கம் ஒரு ஓட்டையை அடைச்சிக்கினு இருந்தாரு, நான் முன்னால இருந்து தேய்ச்சிக்கினு வந்தேன். சேஸிஸோட வலது பக்க கட்டையில, முன் சக்கரத்துக்கு மேல, ஒரு ஜாண் எடத்துல மட்டும் துரு கல்லு மாதிரி ஒட்டிக்கினு இருந்துது. கம்பி பிரஷ்ஷுக்கு அசையல. மணி பத்தரை. காத்து மாறுற நேரம். கரடு டிஸ்க்கை மாட்டி, ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சேன். ஒரு புள்ளி துரு இல்லாம, வெள்ளியா மின்னற வரைக்கும் வுடல. பத்தே முக்காலுக்கு ரெட் ஆக்ஸைடு அடிச்சு முடிச்சாச்சு. அதுக்கு முன்னால காசிம் பாய் வந்து அந்த எடத்தைத் தடவிப் பாத்தாரு.

"இன்னா வேலை மாமு! கைய வெச்சா வழுக்கிக்கினு போவுது!"

கிளட்ச்

இந்த வேலையில இருக்கற நல்ல நாளு மொத்தமே ஒண்ணு ரெண்டுதான், அதையும் சொல்லிடறேன். பச்சை பெயிண்ட் காய்ஞ்சு, புது சீட்டு மாட்டி, இன்ஜின் ஸ்டார்ட் ஆன அன்னிக்கு பிலோமினாக்காவை வரச் சொன்னேன். ஆட்டோவுல வந்து எறங்கினாங்க. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சிட்டுத்தான் வண்டியில ஏறினாங்க. ஆர்.சி. இல்லாம தெருவுக்கு எடுக்கக் கூடாது, அதனால ஷெட்டுக்குள்ளயே ரெண்டடி முன்னால, ரெண்டடி பின்னால.

ஃபர்ஸ்ட் கியர்ல ஒரு தபா ஆஃப் ஆச்சு. ரெண்டாவது தபா வண்டி லேசா நகுந்து நின்னுது. அவ்ளோதான் நடந்துது. அந்தம்மா ஸ்டியரிங்கை வுடாம அப்பிடியே உக்காந்துக்கினு இருந்தாங்க. மல்லிகா கூட கிச்சன்ல இருந்து வந்து வாசல்ல நின்னா. அக்கா கீழ குனிஞ்சு தன் காலையே பாத்தாங்க.

"எட்டுதுபா. நல்லாவே எட்டுது."

வெத்துப் பேப்பர்

தெரியாதவங்களுக்காக ஒண்ணு சொல்றேன். ஒவ்வொரு வண்டிக்கும் சேஸிஸ்ல ஒரு நம்பர் குத்தியிருக்கும். அது மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சா நம்பர் பேப்பர்ல ஏறும். ஷெட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் நான் செய்யற மொதல் வேலை அதுதான். பதினோரு வண்டிக்கும் நோட்டுல ஒட்டி வெச்சிருக்கேன். இந்த வண்டியில துரு மூடியிருந்துது, நம்பர் எங்கன்னே தெரியல. சரி, தேய்ச்சு சுத்தம் பண்ணிட்டு எடுத்துக்கலாம்னு வுட்டேன். அப்புறம் மறந்தேன். மறந்ததே எனக்கு மறந்து போச்சு.

வண்டியைத் தூக்கிக்கினு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன். லைட்டு, ஹாரன், பிரேக்கு எல்லாம் பாத்தாரு, தலையாட்டினாரு. அப்புறம் வலது பக்கம் குனிஞ்சு, முன் சக்கரத்துக்கு மேல, சரியா அந்த ஒரு ஜாண் எடத்துல பேப்பரை வெச்சுத் தேய்ச்சாரு. பேப்பர் முழுக்க கருப்பு, ஒரு எழுத்து வரல. பெயிண்ட்டைச் சுரண்டச் சொன்னாரு. சுரண்டினேன். கீழ வழுவழுன்னு இரும்பு. எந்த எடத்தைத் தேய்ச்சேன்னு எனக்கு அப்பத்தான் உறைக்குது. "துரு தின்னுடுச்சு சார்"னு வாய் தானா சொல்லிடுச்சு. அவரு செல்போன் லைட்டை அடிச்சு, கிரைண்டர் போன கோட்டை வெரலால காட்டினாரு. துரு இப்பிடி கோடு போடாதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டேஷ்போர்டுல நம்பர் தகடு இருக்கே சார்னேன். தகட்டை யாரு வேணும்னாலும் ஆணி அடிச்சு மாட்டலாம், சேஸிஸ்தான் கணக்குன்னாரு. அவரு சொல்றது நியாயம். நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன். எழுந்து கையைத் தட்டிக்கினு வண்டியை மேலயும் கீழயும் ஒரு தடவை பாத்தாரு.

"வேலை பிரமாதமா இருக்கு. ஆனா இது எந்த வண்டின்னு நான் எழுதறது?"

ஒரு சுத்தியலும் பத்து அச்சும்

அக்கா அப்ப கவுண்டர் பக்கம் பெஞ்சுல உக்காந்துக்கினு இருந்தாங்க. கிட்ட போயி அதே பொய்யைச் சொன்னேன். நம்பரைத் துரு தின்னுடுச்சுக்கா, கொஞ்சம் பேஜாரு, சரி பண்ணிடலாம். அந்தம்மா தலையாட்டிட்டு லைசென்ஸைத் திரும்ப பர்ஸுல வெச்சாங்க. மூஞ்சைப் பாக்க முடியல, ஆட்டோ பாக்கறேன்னு வெளிய வந்துட்டேன்.

மறுநாள் காசிம் பாய் கிட்ட மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவரு கவலையே படல. இரும்புல நம்பர் குத்தற அச்சு அவரு கிட்டயே இருக்காம். ஆர்.சி.ல இருக்கற நம்பரைப் பாத்து குத்திட்டு, உப்புத் தண்ணி தெளிச்சு நாலு நாள் வெயில்ல வெச்சா பழசு மாதிரியே ஆயிடும். வேற இன்ஸ்பெக்டர் கிட்ட காட்டிக்கலாம். நான் யோக்கியன்னு சொல்லிக்கல. ஒரு நாள் பூரா யோசிச்சேன். மாட்டினா ஸ்டேஷனுக்குப் போறது யாரு? ஆர்.சி. யாரு பேர்ல இருக்கும்? ரயில்வேல முப்பத்தஞ்சு வருசம் வேலை செஞ்ச பொம்பள திருட்டு வண்டி கேஸுல கோர்ட்டு வாசல்ல நிக்கணும். வேணாம் பாய்னேன். அவருக்குச் சுருக்குனு கோவம் வந்துடுச்சு, டூல்ஸ் பையைத் தூக்கிக்கினு எழுந்தாரு.

"ஒழுங்கா தேய்க்கத் தெரியல, இப்ப ஒழுங்கு மட்டும் பேசுறியா நீ?"

ஆசிட்

நேர் வழியிலயும் போய்ப் பாத்தோம். நம்பர் அழிஞ்சிடுச்சுன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தோம், அங்க இருந்து இங்க, இங்க இருந்து அங்கன்னு ரெண்டு மாசம். ஒவ்வொரு எடத்துக்கும் அக்கா கூடவே வந்தாங்க. கையில ஒரு பை, அதுல ஃபைலு, தண்ணி பாட்டில், எனக்கும் சேத்து டிபன் பாக்ஸ். கடைசியா தடயவியல்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. நம்பர் குத்தின எடத்துல இரும்பு உள்ளாற வரைக்கும் அழுந்தியிருக்குமாம், மேல தேய்ஞ்சிருந்தாலும் ஆசிட் தடவினா எழுத்து லேசா எழும்புமாம். தடவினாரு. நாங்க ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தோம். ஒரு நாலு எழும்பிச்சு. ஒரு ஏழு மாதிரி ஏதோ ஒண்ணு. அப்புறம் ஒண்ணும் வரல. ரொம்ப ஆழமா போயிருக்குன்னு அவரு எழுதிக்கினாரு.

எத்தனை பேரு கிட்ட நான் பெருமையா சொல்லியிருப்பேன், என் கையில தேய்ச்ச இரும்புல துரு வேரோட போயிடும்னு. போயிடுச்சு. நம்பரும் வேரோட போயிடுச்சு. இனிமே அந்த ஜீப்பு ரோட்டுக்குப் போவாதுன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து பேப்பர் வந்துது. நான் ஷெட்டு சுவத்துல சாஞ்சுக்கினு, "எல்லாம் என்னாலதான், எல்லாம் என்னாலதான்"னு பொலம்பிக்கினு இருந்தேன். அந்தம்மா அதை வேற மாதிரி எடுத்துக்கினாங்க. டிபன் பாக்ஸைத் தொறந்து என் முன்னால வெச்சாங்க.

"துருவுக்கு நீ இன்னா பண்ணுவ நைனா? சும்மா உன்னையே திட்டிக்காத, சாப்புடு."

கடைசி நாள்

அந்தச் சோறு எனக்கு எறங்கல. அதுக்கு அப்புறமும் பத்து நாள் வாயைத் தொறக்காம இருந்தேன் பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

ஓட்டலுக்குக் கொண்டு போக வண்டி வந்துது. ஜெரால்டு ரொம்ப சந்தோசமா, எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினா போட்டோவுல நல்லா வரும்னு போன்ல பேசிக்கினு இருந்தாரு. அக்கா ஷெட்டுக்குள்ள ஜீப்பு பக்கத்துல நின்னாங்க. நான் சொல்லிட்டேன். துரு இல்லக்கா, நான்தான். கிரைண்டரை வெச்சு நானே நம்பரைத் தேய்ச்சு அழிச்சிட்டேன். காத்து வந்துடப் போவுதுன்னு அவசரம், நல்லா வரணும்னு ஆசை, பென்சில்ல நம்பரைத் தேய்ச்சு எடுக்க மறந்துட்டேன். எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். திட்டுவாங்க, அடிச்சாக்கூட வாங்கிக்கலாம்னு நின்னேன். அவங்க பேனட்டைத் தடவினாங்க. கண்ணாடியைத் தடவினாங்க. என் வேலையில ஒரு கொறை கண்டுபுடிக்க முடியுமான்னு தேடற மாதிரி வண்டியைச் சுத்தி வந்தாங்க. கொறை எதுவும் இல்ல. அதான் கேவலம். அப்புறம் என்னைப் பாத்தாங்க. குரல் ஒசரல.

"நான் அழகா வேணும்னு கேக்கலியே சேகரு. ஓட்டணும்னுதானே கேட்டேன்."

இந்தத் தொழில்ல கிரைண்டரை எப்ப ஆஃப் பண்ணணும்னு கத்துக்க ஒருத்தனுக்கு ஒரு ஜீப்பாவது செலவாவும், அது எப்பவும் அடுத்தவங்க ஜீப்பாத்தான் இருக்கும்.